திலோனியாவில் ஓர் இரவுப் பள்ளி

ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீருக்குச் செல்லும் இருப்புப் பாதையில், புலேரா சந்திப்பைக் கடந்தபின், திலோனியா என்னும் சிறு நிலையம் ஒன்று உண்டு. விரைவு வண்டிகள் அதனைக் கண்டும் காணாதவை போல் ஓடிவிடும். வடக்கே சாம்பர் உப்பு ஏரி. தென்மேற்கே பளிங்குக் கல்லுக்குப் பெயர் போன கிஷன்கர். நடுவே மணலும் முள்ளும், கம்பும் கடுகும் விளையும் மானாவாரி நிலங்களும், எங்கு நோக்கினும் ஆடுகளும். கோடையில் வெயில் 45 பாகையைத் தொடும். மழை பொய்த்தல் அங்கே செய்தி அன்று, பெய்தால்தான் செய்தி. அந்த வறண்ட வெளியில் நம் கண்ணுக்குப் பழகிய மரம் ஒன்று மட்டும் ஆங்காங்கே நின்றது. அவர்கள் அதனைக் கேஜ்ரி என்கின்றனர். நாம் வன்னி என்கிறோம்.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரின் தங்கை, நெடுங்காலமாக அஜ்மீரில் கன்னியராகப் பணியாற்றி வந்தார். அவருடைய துறவற வெள்ளி விழாவுக்காக 2009ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நாங்கள் நால்வர் அங்குச் சென்றிருந்தோம். விழா இனிதே முடிந்தது. புஷ்கர் ஏரியையும் தர்காவையும் பார்த்தாயிற்று. ஊர் திரும்ப இன்னும் இரு நாட்கள் இருந்தன.

“அக்கா, உங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் காட்டுகிறேன். ஆனால் அது இராத்திரி ஏழு மணிக்குத்தான் திறக்கும்” என்றார் சகோதரி.

“முதியோர் கல்வியா?” என்று கேட்டார் தலைமையாசிரியை. நம் ஊரில் இரவுப் பள்ளி என்றால் அதுதானே நினைவுக்கு வரும்?

“இல்லை, பிள்ளைகளுக்கு. அதிலும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு.”

அப்பெண்பிள்ளைகளின் பகற்பொழுது எத்தகையது என்பதை வாசகர்கள் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். ஏழைக் குடியானவன் ஒருவனுக்கு ஏழெட்டு ஆடுகளும் ஓர் எருமையும் இருப்பின், அவையே அக்குடும்பத்தின் வங்கி. அவற்றைக் காலையில் ஓட்டிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். தொலைவிலிருந்து நீர் சுமக்க ஓர் ஆள் வேண்டும். விறகு பொறுக்கவும், சாணம் தட்டவும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். இத்தனை ஆட்களும் பெரும்பாலும் ஒருத்தியே. அவளுக்கு வயது எட்டோ பத்தோ இருக்கும். அவளுடைய தம்பி சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு பள்ளிக்குப் போவான். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் நூறு ஆண்களில் 76 பேர் எழுத்தறிந்தவர். பெண்களிலோ 44 பேர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1991இல், நூறு பெண்களில் 20 பேரே எழுத்தறிந்திருந்தனர்.

ஊரில் பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. அது திறந்திருக்கும் வேளையில் அவள் ஆட்டோடு மேய்ச்சல் வெளியில் இருக்கிறாள். அவள் வீடு திரும்பும் வேளையில் அது பூட்டிக் கிடக்கிறது. பெற்றோர் கல்வியை வெறுப்பவர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆட்டை யார் மேய்ப்பது என்னும் கேள்விக்கு விடை சொல்லாதவர்கள் அவ்வாறு சொல்ல உரிமையுடையவர் அல்லர் என்பது எங்கள் கருத்து.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களின் கதை 1972இல் தொடங்குகிறது. சஞ்சித் ராய் என்பவர், பங்கர் ராய் என்றால்தான் பலருக்கும் தெரியும், டூன் பள்ளியிலும் டில்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரியிலும் பயின்ற செல்வக் குடும்பத்துப் பிள்ளை. ஸ்குவாஷ் ஆட்டத்தில் தேசிய வாகையர். 1960களின் நடுவில் பீகாரை வாட்டிய பஞ்சத்தை நேரில் கண்டபின், கிணறு வெட்டும் வேலைக்குப் போனார். அப்பால் கிராமத்தில் குடியேறப் போவதாக அறிவித்தபோது தம் தாயார் அடைந்த அதிர்ச்சியைப் பிற்காலத்தில் அவரே மேடைகளில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறார். திலோனியாவில் கைவிடப்பட்டுக் கிடந்த காசநோய் மருத்துவமனைக் கட்டடங்களில் அவரும் நண்பர்களும் தொடங்கிய சமூகப்பணி ஆராய்ச்சி நிலையமே பின்னர் ‘பேர்ஃபுட் காலேஜ்’, அதாவது வெறுங்கால் கல்லூரி, என்னும் பெயரால் உலகறிந்தது. அங்கே பட்டம் கொடுப்பதும் இல்லை. பட்டம் பெற்றவரைத் தேடுவதும் இல்லை. ஊரார் தமக்குத் தேவையான வேலையை ஊராரே கற்றுச் செய்ய முடியும் என்பதே அதன் கொள்கை.

1975இல் இரவுப் பள்ளிகள் தொடங்கின. பகலில் பிள்ளை வரமுடியாவிடில், பிள்ளை வரக்கூடிய நேரத்தில் பள்ளி நடக்கட்டும் என்று முடிவு செய்தனர். ஆசிரியரும் அந்தந்த ஊர்க்காரரே. பயிற்சிக் கல்லூரி கண்டவரல்லர்; எட்டாவதோ பத்தாவதோ படித்துவிட்டு ஊரிலேயே இருப்பவர். வெளியூர் ஆசிரியர் மாலைப் பேருந்தில் நகரத்துக்குத் திரும்பிவிடுவார்; இவருக்கோ திரும்பிப்போக வேறு ஊர் இல்லை. இந்த உள்ளூர் ஆசிரியர் முறையைச் சில ஆண்டுகள் பார்த்துவிட்டுத்தான் இராஜஸ்தான் அரசாங்கம் 1987இல் ‘சிக்ஷா கர்மி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்களுக்காக வீட்டு முற்றங்களிலேயே நடந்த வகுப்புகளும் இருந்தன. ‘ஆங்கன் பாடசாலை’ என்று பெயர். ஆங்கன் என்றால் முற்றம்.

இரவிலே பள்ளி என்றால் வெளிச்சம் வேண்டும். மின்கம்பம் எட்டாத ஊர்கள் அன்று ஏராளம். எட்டிய ஊர்களிலும் மாலை ஏழு மணிக்கு மின்சாரம் இருக்கும் என்பது உறுதியில்லை. ஆகவே தொடக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்குகள். நம் வாசகர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அரிக்கேன் விளக்கின் குணம் தெரியும். மூவர் குனிந்தால் நான்காமவருக்கு நிழல்தான். புகை கண்ணைக் கரிக்கும். திரி தூண்டினால் சிமினி கறுக்கும். மாதக் கடைசியில் எண்ணெய் தீர்ந்தால் பள்ளியும் தீர்ந்தது. இக்குறையைப் போக்கவே சூரிய விளக்கு அப்பள்ளிகளுக்கு வந்தது. வெயிலுக்குத் திலோனியாவில் பஞ்சமே இல்லை!

பிற்பகலில் நாங்கள் கல்லூரி வளாகத்தை அடைந்தோம். 1986க்கும் 1989க்கும் இடையே, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவர் முன்னின்று, ஊர்க் கொத்தனார்களைக் கொண்டு எழுப்பிய கட்டடங்கள் அவை. அவற்றின் மேல்தளம் மழைக்கு ஒழுகாதிருக்க ஊர்ப் பெண்கள் வெல்லம் சேர்த்த ஒரு கலவையைப் பூசினராம். கலவையில் வேறென்ன சேர்ந்தது என்பதை மட்டும் அப்பெண்கள் வெளியில் சொல்வதில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்திலும் கருப்பட்டியும் கடுக்காயும் கலந்தவர்கள்தாமே நம் முன்னோர்? தலைமையாசிரியை அவ்விடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டார். ஆனால் நாங்கள் பார்க்க விரும்பியது பட்டறையை.

நீண்ட கூடம் ஒன்றில், தரையிலும் தாழ்ந்த மேசைகளிலும் பெண்கள் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தனர். முக்காடு நெற்றிவரை இறங்கியிருந்தது. கையில் பற்றாசுக் கோல். சிலர் அக்கம்பக்கத்து ஊரார். சிலர் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்த பாட்டிமார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆயினும் பாடம் நடந்துகொண்டிருந்தது. எவ்வாறெனில், ரெசிஸ்டர் என்னும் சிறு உறுப்பின் உடலில் நிறக் கோடுகள் இட்டிருப்பர்; அந்நிறங்களே அதன் அளவைச் சொல்லும் எண்கள். எண் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் தெரியும். ஆசிரியை ஒன்றை எடுத்துக் காட்டுகிறார், எதிரில் உள்ள பாட்டி தம் கிண்ணத்திலிருந்து அதே நிறக் கோடுகள் கொண்ட ஒன்றைத் தேடி எடுக்கிறார், இருவரும் தலையசைக்கின்றனர். இவ்வாறாக ஒரு விளக்கின் மின்சுற்று முழுவதையும் கட்டிவிடுகின்றனர்.

ஏன் பாட்டிமார்? இளைஞரைப் பயிற்றுவித்தால் கையில் சான்றிதழ் விழுந்த மறுநாளே நகரத்துக்குப் பேருந்து ஏறிவிடுவர். பேரன் பேத்தி எடுத்த பெண் ஊரைவிட்டுப் போகமாட்டாள் என்று பங்கர் ராய் பல இடங்களில் விளக்கியிருக்கிறார். கேட்கச் சிரிப்பு வரும். நம் பங்குகளில் தையல் வகுப்பும் தட்டெழுத்து வகுப்பும் நடத்தியவர்கள் சிரித்துவிட்டு யோசிப்பார்கள்.

அப்பட்டறையில் உருவாகும் விளக்கைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். அன்று நாங்கள் கண்டது மூன்று உறுப்புகள் கொண்டது. வெயிலை மின்சாரமாக்கும் தகடு ஒன்று. பத்து வாட் ஆற்றலுடையது, ஒரு சிறுமி தன் கக்கத்தில் இடுக்கிச் செல்லக் கூடிய அளவு. அம்மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் 12 வோல்ட் பாட்டரி ஒன்று. ஏழு வாட் குழல் விளக்கு ஒன்று. (இந்நாளில் குழலுக்குப் பதில் எல்.இ.டி. வந்துவிட்டது, அது இன்னும் குறைந்த மின்சாரத்தில் எரியும்.) பகல் முழுதும் வெயில் குடித்தால் இரவில் மூன்று நான்கு மணி நேரம் எரியும். பாட்டரி அளவுக்கு மிஞ்சி நிரம்பினாலும் கெடும். அடியோடு வற்றினாலும் கெடும். இரண்டையும் தடுக்க உள்ளே ஒரு சிறு மின்சுற்று உண்டு. அந்தப் பாட்டிமார் பற்றாசு வைத்துக்கொண்டிருந்தது அதனைத்தான்.

இவ்விளக்கில் புதுமை ஏதும் இல்லை என்று அறிவியல் கற்ற வாசகர் சொல்லலாம். அரசாங்கமே அந்நாட்களில் நாடெங்கும் இத்தகைய விளக்குகளைச் சலுகை விலையில் வழங்கியது. அவற்றுள் பல இரண்டு மூன்று ஆண்டுகளில் பரண்மேல் ஏறிவிட்டன. காரணம் எளிது: பாட்டரி சில ஆண்டுகளில் மடியும், மாற்ற ஆளும் இல்லை, பணமும் எடுத்து வைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நன்கொடையாக வந்த கணிப்பொறிகள் பூப்போட்ட துணியால் மூடப்பட்டு, ஆண்டு விழாவன்று மட்டும் திறக்கப்பட்டு வந்தன. ‘தொட்டால் கெட்டுவிடும்’ என்பதே அவற்றைப் பற்றி அப்பிள்ளைகள் கற்ற ஒரே பாடம். திலோனியாவின் விளக்கு தொடுவதற்கென்றே வந்தது. கெட்டால் அதனைப் பிரிப்பவள் அயலூர் மெக்கானிக் அல்லன். அடுத்த தெருவில் உள்ள அத்தை.

மாலை மங்கியதும் கல்லூரியின் ஜீப்பு ஒன்றில் அருகிலிருந்த சிற்றூர் ஒன்றுக்குப் புறப்பட்டோம். சனவரிக் குளிர் எலும்பைத் துளைத்தது. மண் சுவர்க் கட்டடம் ஒன்றின் ஒரே அறை. தரையில் சணல் விரிப்பு. நடுவே உத்தரத்திலிருந்து தொங்கும் விளக்கு. அதன் ஒளி எவ்வளவு தூரம் விழுந்ததோ அதுவே வகுப்பறையின் எல்லை. ஏழு மணிக்குச் சிறிது முன்பின்னாகப் பிள்ளைகள் வந்தனர். மொத்தம் இருபத்திரண்டு பேர். ஆறு பையன்கள் போக மற்றெல்லாரும் பெண்கள். இருவர் இடுப்பில் தம்பி தங்கையர். ஒருத்தியின் சால்வையில் ஆட்டு மணம். எல்லோர் கையிலும் பலகை.

“நமஸ்தே, குருஜி!” என்று கூவிவிட்டு அமர்ந்தனர். குருஜிக்கு முப்பது வயதிருக்கும். பகலில் அவரும் உழவர்.

அன்றைய பாடம் நிலம் அளத்தல். கரும்பலகையில் ஒரு வயலை வரைந்தார் குருஜி. நீளம் இத்தனை அடி, அகலம் இத்தனை அடி. “பட்வாரி வந்து இவ்வளவுதான் என்று எழுதிவிட்டார். சரியா, தவறா?” என்றார். பட்வாரி என்பவர் நம் ஊர்ப் பழைய கர்ணம் போன்றவர். ஒரு கணம் அறை அமைதியாயிற்று. பலகைகளில் குச்சிகள் கிறீச்சிட்டன. “தவறு!” என்று முதலில் கத்தியது முன்வரிசையில் இருந்த ஒரு சின்னஞ்சிறு பெண். பட்வாரியைக் கையும் களவுமாகப் பிடித்ததில் அவளுக்கு எத்துணை மகிழ்ச்சி!

இத்தகையவையே அங்குப் பாடங்கள். எழுத்தும் எண்ணும் உண்டு. அவற்றோடு, ஆட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வது, வாக்குச் சீட்டு என்பது யாது, காவலர் ஒருவரைப் பிடித்துச் சென்றால் அவருக்குள்ள உரிமை யாது என்பனவும் உண்டு. தகடும் ஒரு பாடப்புத்தகம்தான். அதனைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால், ஏன் தெற்கு என்று பிள்ளை கேட்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து செல்வதை அது தானே கண்டு சொல்லும். ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளைக்குத் தகட்டின் பொறுப்பு. காலையில் தூசி துடைத்து வெளியில் வைக்க வேண்டும். பாலை மணல் படிந்த தகடு பாதி வேலைதான் செய்யும்.

பின்வரிசையில் சற்றுப் பெரிய பெண் ஒருத்தி இருந்தாள். பதின்மூன்று வயதிருக்கலாம். காலில் கனத்த வெள்ளிக் காப்பு. தலைமையாசிரியை அவளருகே சென்று அமர்ந்தார், சகோதரி மொழிபெயர்த்தார்.

“எவ்வளவு காலமாக வருகிறாய், மகளே?”

“இரண்டு ஹோலி ஆயிற்று.”

“எதற்காகப் படிக்கிறாய்?”

அவள் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “பேருந்தின் பலகையைப் படிக்க.”

எங்களுக்கு விளங்கவில்லை. சகோதரியே கேட்டறிந்து சொன்னார். அவளுக்கு ஏழு வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. அக்காளின் கலியாணப் பந்தலிலேயே, செலவு மிச்சமென்று, இவளுக்கும் முடித்துவிட்டனர். குழந்தை மணம் சட்டத்தால் தடை செய்யப்பட்டதுதான். ஆயினும் அட்சய திருதியை நாளில் அப்பகுதிகளில் நடந்தேறிவந்தது. மணமான சிறுமி தாய் வீட்டிலேயே வளர்வாள். பருவமடைந்தபின் ‘கௌனா’ என்னும் சடங்கு செய்து கணவன் வீட்டுக்கு அனுப்புவர். இவளுக்கு அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புகுந்த ஊர் தொலைவில். அங்கிருந்து தாய் வீட்டுக்கு எந்தப் பேருந்து வரும் என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் எழுத்து.

தலைமையாசிரியை ஒன்றும் பேசவில்லை. அவளுடைய பலகையை வாங்கி, இந்தி தெரியாதவராயினும், வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பின் இடைவேளையில் அவருக்கும் குருஜிக்கும் நடந்த உரையாடலை இங்கே மறைப்பதற்கில்லை. “பகலெல்லாம் உழைத்த குழந்தையை இரவில் உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறீர்கள். அது எப்போது விளையாடும்? எப்போது தூங்கும்? இரவுப் பள்ளி இருக்கிறதே என்று தகப்பன் நிம்மதியாக ஆட்டை அவளிடம் கொடுத்துவிடமாட்டானா?” என்று நேராகவே கேட்டார் எங்கள் ஆசிரியை. சகோதரி சற்றுத் தயங்கித்தான் மொழிபெயர்த்தார்.

குருஜி சினங்கொள்ளவில்லை. “பெஹன்ஜி சொல்வது சரி. ஆனால் இன்றிரவு நான் இதை மூடிவிட்டால், நாளைக் காலை இவள் தகப்பன் இவளைப் பள்ளிக்கு அனுப்புவானா?” என்றார்.

“மாட்டான்.”

“அதனால்தான் திறந்து வைத்திருக்கிறேன். ஐந்து வகுப்பு இங்கே முடித்தவளைப் பகற்பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லித் தகப்பனிடம் சண்டை போடலாம். எழுத்தே தெரியாதவளுக்காக என்ன சொல்லிச் சண்டை போடுவேன்?”

எங்கள் எண்ணத்தில் ஆசிரியையின் கேள்வியும் குருஜியின் விடையும் ஒருங்கே மெய். அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுநேரப் பள்ளி உரிமை என்று அது சொல்கிறது. வயது கடந்து வருவோரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி அளிக்கவும் வழி செய்கிறது. நல்ல சட்டம். இரவுப் பள்ளியைப் பகற்பள்ளிக்கு ஈடாக எவரும் எண்ணிவிடலாகாது; கல்வியில் குறைந்த பங்கைப் பெண்ணுக்கு ஒதுக்கிவிட்டு அதற்கு விளக்கேற்றிக் கொண்டாடுவது அறமாகாது. ஆயினும் சட்டம் ஏறிய பிறகும் ஆட்டை மேய்ப்பது யார் என்னும் கேள்வி அங்கேயே நிற்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் இராஜஸ்தானத்துப் பெண்களில் நூற்றுக்கு 52 பேரே எழுத்தறிந்தோர். அவ்வாண்டு தமிழகத்தில் 73 பேர்.

தமிழகத்தின் எண்ணைக் கண்டு நாம் பெருமூச்சு விட்டுக்கொள்ளவும் இயலாது. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் பூட்டப்பட்டபோது கைப்பேசியே பள்ளிக்கூடமாயிற்று. ஒரே ஒரு கைப்பேசி உள்ள வீட்டில் அது யார் கைக்குப் போயிற்று? அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, முக்கியம். தங்கை பாத்திரம் துலக்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்ன தாய்மாரை நம் பங்குகளிலேயே நாங்கள் அறிவோம். கருவி வீட்டுக்குள் வந்தவுடன் வீட்டின் பழைய வழக்கத்துக்கே அதுவும் வேலைக்காரன் ஆகிவிடுகிறது. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ அதனை ஓரளவு உணர்ந்த திட்டம் எனலாம். மாலை வேளை, வீட்டருகே, தன்னார்வலராக அதே தெருப் பெண். திலோனியாவின் பெயர் அங்கு யாரும் சொல்லக் கேட்டிலோம். ஆனால் அந்தத் திண்ணை வகுப்பொன்றைக் கண்டபோது எங்களுக்கு அந்த இரவுதான் நினைவில் எழுந்தது.

திலோனியாவில் எங்களை வியப்பில் ஆழ்த்தியது விளக்கைக் காட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம். இரவுப் பள்ளிப் பிள்ளைகள் தமக்கென ஒரு பாராளுமன்றம் வைத்திருந்தனர். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளே வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். பிரதம மந்திரியும் மற்ற மந்திரிகளும் உண்டு. பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் கடமை. இப்பிள்ளைகளின் பாராளுமன்றத்துக்கு 2001இல் ஸ்வீடன் நாட்டில் உலகக் குழந்தைகள் விருது வழங்கப்பட்டது. விருது பெறச் சென்ற பிரதம மந்திரி, பன்னிரண்டு வயதுப் பெண். காலையில் இருபது ஆடு மேய்ப்பவள். ஊரைத் தாண்டியே அறியாத இச்சிறுமிக்கு இவ்வளவு துணிவு எங்கிருந்து வந்தது என்று அந்நாட்டு அரசியார் வியந்து கேட்க, தான் பிரதம மந்திரி என்பதை அவருக்குச் சொல்லுங்கள் என்று அவள் மறுமொழி கூறியதாகப் பங்கர் ராய் 2011இல் நிகழ்த்திய உரையில் சொல்லியிருக்கிறார். இரவுப் பள்ளிகளில் அதுவரை 75,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துச் சென்றதாகவும் அவ்வுரையில் குறிப்பிட்டார்.

நாங்கள் சென்ற ஊரின் பாராளுமன்ற உறுப்பினர் முன்வரிசைச் சின்னஞ்சிறு பெண்ணின் அக்காள். அவள் தன் நோட்டைச் சகோதரியிடம் காட்டினாள். கோணல் எழுத்தில் ஒவ்வொரு நாளும் குறித்திருந்தாள்: வந்த பிள்ளைகள் எத்தனை, விளக்கு எத்தனை மணி எரிந்தது, குடிநீர்ப் பானை நிரம்பியிருந்ததா. இடையே ஒரு வரி: ‘குருஜி இரண்டு நாள் வரவில்லை, காரணம் சொன்னார், ஏற்றுக்கொண்டோம்.’

தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால்கூட இவ்வளவு பயந்ததில்லை. இந்தப் பிள்ளையிடம் விடுப்புக் கேட்க எனக்குக் கால் நடுங்கும்!” குருஜியும் சிரித்தார், ஆனால் அவ்வரியை மட்டும் அவசரமாகப் புரட்டிவிட்டார்.

ஒன்பது மணி தாண்டியது. இடுப்புக் குழந்தைகள் இரண்டும் எப்போதோ உறங்கிவிட்டன. குருஜி விளக்கைக் கழற்றிப் பெரிய பெண்ணிடம் கொடுத்தார்; அவள் முன்னே நடக்க, மற்றவர் பின்னே வரிசையாக வீடு திரும்பினர். அவ்வாரம் தகட்டின் பொறுப்பும் அவளுடையதே.

நாங்கள் ஊர் திரும்பினோம். ஏழெட்டு மாதம் கழித்துச் சகோதரியிடமிருந்து அக்காளுக்கு ஒரு கடிதம் வந்தது. ஏதோ வேலையாகத் திலோனியாப் பக்கம் சென்றவர் குருஜியைக் கண்டு விசாரித்திருக்கிறார். ஹோலி முடிந்தவுடன் அந்தப் பெண்ணுக்குக் கௌனா நடந்துவிட்டதாம். புகுந்த ஊரில் இரவுப் பள்ளி இல்லை. குருஜி இரண்டு புத்தகமும் ஒரு பலகையும் கொடுத்தனுப்பினார். புறப்படுமுன் அவள் விளக்கைக் கேட்டிருக்கிறாள். விலை எவ்வளவாயினும் தகப்பன் கம்பு விற்றுச் சிறிது சிறிதாகக் கட்டிவிடுவான் என்றும் சொன்னாளாம். ஊர்க் கல்விக் குழு அதற்காகவே ஒரு மாலை கூடிற்று. நெடுநேரம் பேசினர். விளக்கு பள்ளிக்குரியது, மற்ற இருபத்தொரு பிள்ளைகள் இருக்கின்றனர் என்று முடிவாயிற்று. அந்த முடிவை நோட்டில் எழுதியவள் அவளுடைய தோழியாகிய பாராளுமன்ற உறுப்பினரே.